வீராணம் ஏரிக்கரையில் நின்ற குதிரை

(பட்டிமன்றம்: பிள்ளைகளிடம் வாசிப்பை வளர்ப்பது பள்ளியா, வீடா? ‘வீடே’ அணியில் பேசிய உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எட்டே நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதில் அடைமொழிகளுக்கு இடமில்லை.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். “வீட்டில் புத்தகம் எதற்கு? ஆடுகிற பீரோவின் காலுக்கு முட்டுக்கொடுக்கத்தானே!” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எங்கள் வீட்டுப் பீரோவின் இடது காலுக்கு அடியிலும் ஒரு புத்தகம் இருந்ததே! ஆனால் அது என்ன புத்தகம் என்று சகோதரி கேட்கவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது! கதைப் புத்தகம் எங்கே இருந்தது? பீரோவுக்குள்ளே, பாட்டியின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்டு. எதை உள்ளே வைப்பது, எதைக் காலடியில் வைப்பது என்று வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, அம்மா.

பள்ளியில் நூலகம் இல்லையா என்றும் கேட்டார். இருந்தது. நான் படித்த பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி. சாவி விளையாட்டு ஆசிரியரிடம். சாவி கேட்டால், “மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வா” என்பார். ஓடிவிட்டு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஐந்து வருடம் அந்தப் புத்தகங்களின் முதுகை மட்டும்தான் படித்தேன். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் எனக்குத்தான் முதல் பரிசு!

இன்னொரு கேள்வி. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் நூலக வரி கட்டுகிறோம். எதோடு சேர்த்துக் கட்டுகிறோம்? வீட்டு வரியோடு! பள்ளிக்கூட வரியோடு கட்டியதாக யாராவது ரசீது காட்டினால் இங்கேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நடுவர் சிரிக்கிறார். இது வாதமா என்று கேட்காதீர்கள் ஐயா. சிரித்துவிட்டீர்கள், எனக்கு அது போதும்.

இப்போது பாட்டிக்கு வருகிறேன். மன்னார்குடிப் பக்கத்துக்காரி. 1931இல் அந்தப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் வைத்து ஊர் ஊராக அனுப்பினார். வண்டி வந்தபோது பாட்டி சிறுமி. வளையல் வண்டி என்று நினைத்து ஓடியிருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தால் புத்தகம்! ஏமாந்து திரும்பிவிட்டாள். எழுத்துப் படிக்க அவளை யாரும் கடைசிவரை உட்கார வைக்கவில்லை.

தாத்தா என்ன செய்தார் தெரியுமா? 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் வந்ததல்லவா? வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, ஐந்து பாகமாக பைண்டு செய்து, மாலையில் பாட்டிக்குப் படித்துக் காட்டினார். அவர் போன பிறகு அந்த வேலை பேரனுக்கு வந்தது. கூலி, நாளுக்கு ஒரு அதிரசம்.

எனக்கு அதிரசம் வேண்டும், வெளியே கிரிக்கெட்டும் காத்திருக்கிறது. படிக்கத் தெரியாத கிழவிதானே என்று நான்கு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். “வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்கு வந்து சேர்ந்தான்” என்றேன்.

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள்: “எப்படி வந்தான்?”

“குதிரையில் வந்தான், பாட்டி.”

“குதிரை இன்னும் வீராணம் ஏரிக்கரையில் அல்லவா நிற்கிறது? ஏரியைத் தாண்டாமல் கடம்பூருக்கு எப்படி வந்தான்? பறந்தா வந்தான்?”

அதிரசம் தட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது!

மறுநாள் இரண்டே பக்கம் தள்ளினேன். “குதிரையை விட்டுவிட்டாயே” என்றாள். அதற்கு மறுநாள், நல்ல பிள்ளையாக ஒரே ஒரு பத்தி. “குதிரைக்கு மூச்சு வாங்குகிறது, நீ எங்கேயடா ஓடுகிறாய்?” என்றாள். ஐந்து பாகமும் அவளுக்கு மனப்பாடம்! எழுத்துத் தெரியாத ஒருத்திக்குப் பயந்து ஒரு வரி விடாமல் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு கட்டத்தில் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வந்த பையன்களும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிரசச் செலவு தாங்காமல் அம்மா அதைப் பொரிகடலையாக மாற்றினாள். அப்போதும் ஒருவனும் எழுந்து போகவில்லை. சகோதரி அவர்களே, உங்கள் கண்ணாடி அலமாரி இதைச் செய்யுமா?

அடுத்த வாதம் ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாளைக் காணவில்லை. இருந்தாலும் இப்போது படித்திருக்க மாட்டேன்.

பாட்டியின் கடைசி மாதத்தில் நான் வேலையில் இருந்து விடுப்பு எடுத்து ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் படுக்கை. பேச்சு குறைந்துவிட்டது. என்னைத் தெரிகிறதா என்றுகூட எங்களுக்கு விளங்கவில்லை. முதல் பாகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளைச் சீண்டிப் பேச வைக்கலாம் என்று ஒரு குறும்பு. “வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் மாட்டுவண்டியில் வந்தான்” என்று படித்தேன்.

காத்திருந்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் உரக்க, “மாட்டுவண்டியில் வந்தான், பாட்டி” என்றேன். உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாதான் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: “குதிரைடா.”

அம்மாவுக்கு அதை யாரும் படித்துக் காட்டியதில்லை, ஐயா. இத்தனை வருடமும் அடுப்படியில் இருந்தே கேட்டிருக்கிறாள்.

பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். குதிரையோடு. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

மணி அடித்துவிட்டீர்களா? நன்றி, வணக்கம்.