ஸ்டென்ட் வைத்தவருக்கு பைபாஸ்: எது மாறும், எது மாறாது?

[திரையில்: புது டெல்லி எய்ம்ஸ், 2009 ஜனவரி 24]

அன்று அறுவை மேசையில் இருந்தவர் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங். வயது 76. 1990-இல் பிரிட்டனில் ஒரு பைபாஸ், நடுவில் ஒரு ஆஞ்சியோபிளாஸ்டி (நெஞ்சைத் திறக்காமல், அடைபட்ட தமனியை உள்ளிருந்து விரிப்பது), இப்போது இரண்டாவது பைபாஸ். மும்பையிலிருந்து வந்த டாக்டர் ரமாகாந்த் பாண்டா தலைமையிலான குழு ஐந்து இடங்களில் மாற்றுப்பாதை போட்டது. அதே ஆண்டு மே மாதம் அவர் மறுபடியும் பிரதமராகப் பதவியேற்றார்.

"ஏற்கெனவே ஸ்டென்ட் வெச்சாச்சே, இனிமே பைபாஸ் தாங்குமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். ஸ்டென்ட் என்பது ஆஞ்சியோபிளாஸ்டியில் விரித்த தமனி மறுபடி மூடாமலிருக்க உள்ளே வைக்கும் கம்பி வலை. மன்மோகன் சிங் விஷயத்தில் பெரிய சிக்கல், நெஞ்சை இரண்டாம் முறை திறப்பதுதான். ஒருமுறை திறந்து மூடிய நெஞ்சுக்குள் இதயம் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கவே நேரம் பிடிக்கும். ஸ்டென்ட் மட்டும் வைத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்டென்ட் கை வழியாகவோ தொடை வழியாகவோ உள்ளே போனது.

[அசைவுப்படம்: தமனிக்குள் விரிந்திருக்கும் கம்பி வலை]

அப்படியானால் சர்ஜன் எதைப் பார்த்து யோசிக்கிறார்? தையல் போட இடம் இருக்கிறதா என்று.

மார்புத் தமனியையோ கால் ரத்தக்குழாயையோ எடுத்து, அடைப்பைத் தாண்டி இதயத் தமனியில் தைப்பதுதான் பைபாஸ். அதற்கு மிருதுவான, உட்பக்கம் சுத்தமான ஒரு துண்டு தமனி வேண்டும். கம்பி வலை இருக்கும் இடத்தில் ஊசி இறங்காது. ஒரே ஒரு சின்ன ஸ்டென்ட், தமனியின் ஆரம்பத்தில் இருந்தால் கவலையே இல்லை. அதற்குக் கீழே தைத்துவிடலாம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, நான்கு ஸ்டென்ட் வைத்து முழு நீளமும் உலோகமாகிவிட்டால், தமனி மெலிந்துபோகும் கடைசிப் பகுதியில்தான் தைக்க வேண்டியிருக்கும். அங்கே உள்விட்டம் 1.5 மில்லிமீட்டர்கூட இருக்காது. மெல்லிய குழாயில் ரத்தம் குறைவாக ஓடும். ஒட்டுக் குழாய் சீக்கிரம் அடைபடும் வாய்ப்பும் கூடும்.

[திரையில்: மாத்திரை அட்டைகள்]

அடுத்தது மாத்திரை. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் கொடுப்பார்கள். அதோடு ஆபரேஷனுக்குப் போனால் ரத்தக் கசிவு அதிகம். அதனால் குளோபிடோக்ரெல் என்றால் 5 நாள், பிராசுக்ரெல் என்றால் 7 நாள், டிகாகிரெலார் என்றால் 3 முதல் 5 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும்.

இதில் ஒரு இக்கட்டு உண்டு. சமீபத்தில் வைத்த ஸ்டென்ட் என்றால், மாத்திரையை நிறுத்தியதும் அதற்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அவசர ஆபரேஷனில் காத்திருக்க நேரமில்லை. ரத்தம் ஏற்ற வேண்டிவரும், ஐ.சி.யூ. நாட்களும் நீளலாம்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஜெர்மனியின் எஸ்ஸென் நகர மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸுக்கு முன் பலமுறை ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே சிக்கல்களும் இறப்பும் அதிகம். ஒரே ஒருமுறை செய்தவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் இல்லை. 2009-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வோ, முன்பே ஆஞ்சியோபிளாஸ்டி செய்ததால் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்றது. மறுபடி மறுபடி ஸ்டென்ட் தேவைப்படுகிறவருக்குப் பொதுவாக நோயே முற்றியிருக்கும், சர்க்கரையும் இருக்கும். பழி முழுவதையும் கம்பி வலை மேல் போடுவது சரியில்லை என்பதே என் கருத்து.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில், பல தமனிகளில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸில் இறப்பும் மாரடைப்பும் குறைவு. பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். நான்காவது ஸ்டென்ட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு சர்ஜனையும் பார்ப்பது நல்லது.

[அசைவுப்படம்: நெஞ்செலும்பு கூடுவது]

வீடு திரும்பிய பிறகு? நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம்; ஸ்டென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கணக்கு. பளு தூக்காமை, தினசரி நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் ஒன்றுதான். ஸ்டென்ட் புதிதாக இருந்தால், நிறுத்திய இரண்டாவது மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்வார்கள்.

[திரையில்: ஒரு கோப்பு]

சர்ஜனைப் பார்க்கப் போகும்போது ஸ்டென்ட் கார்டு, பழைய ஆஞ்சியோ சிடி, மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசி மாத்திரையை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை அந்தச் சீட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.