ஃபேஸ் பெயின்ட்டிங் தொழில்: முதல் பெட்டியும் அதற்கான பணமும்

நேயர்களுக்கு வணக்கம். பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகள் முகத்தில் புலியும் பட்டாம்பூச்சியும் வரைகிற ஃபேஸ் பெயின்ட்டிங்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். வரையக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. முதல் பெட்டிக்குப் பணம் எப்படித் திரட்டுவது, அந்தப் பணத்தில் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் விஷயம். கையருகே பேனாவும் தாளும் இருந்தால் நல்லது, சில எண்கள் வரும்.

இந்தத் தொழில் தொடங்கக் கடன் வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பெட்டி சிறியதாக இருக்கிறதே என்று எந்த வாடிக்கையாளரும் திருப்பி அனுப்புவதில்லை. எட்டு வண்ணத்தில் சுத்தமாகவும் வேகமாகவும் வேலை செய்பவரை மறுபடி கூப்பிடுவார்கள். நாற்பது வண்ணத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு முகத்துக்குக் கால் மணி நேரம் எடுப்பவரைக் கூப்பிடமாட்டார்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். பொருள்களின் பட்டியலை அல்ல, படங்களின் பட்டியலை. புலி, பட்டாம்பூச்சி, வானவில், பூனை, நாய்க்குட்டி, டைனோசர், கொள்ளைக்காரன், பூங்கொத்து, ஒற்றைக்கொம்புக் குதிரை, மின்னல் என்று பத்து போதும். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க முடிய வேண்டும். சினிமா, கார்ட்டூன் பாத்திரங்களை விளம்பரப் பலகையில் போடாதீர்கள். அந்த உருவங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், வம்பு வரும். படங்கள் முடிவானதும் ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கு வேண்டிய வண்ணங்களை எழுதுங்கள். புலிக்கு ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. பட்டாம்பூச்சிக்கு ஒரு வானவில் கேக் (பல வண்ணம் வரிசையாக அடைத்த வண்ணக் கட்டி), அதோடு கறுப்பும் வெள்ளையும். பத்தையும் எழுதி முடித்தால் ஒன்று கண்ணில் படும்: கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் இருக்கும், ஊதா ஒன்றிரண்டில்தான் இருக்கும். பணத்தை அந்த விகிதத்தில் பிரியுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் பெரிய டப்பாவாக வாங்குங்கள். மற்றவை சிறியதாக இருக்கட்டும்.

24 வண்ணம் அடங்கிய தட்டுகள் கண்ணைப் பறிக்கும். அவற்றில் குழிகள், வண்ணம் பூசும் பஞ்சின் (ஸ்பாஞ்ச்) அகலத்தை விடச் சிறியவை. பஞ்சைத் தேய்க்கும்போது பக்கத்துக் குழியின் வண்ணம் சேர்ந்து ஒட்டும். நான்கு விழா போவதற்குள் மஞ்சள் பச்சையாகிவிடும், வெள்ளை தீர்ந்துவிடும், மிச்சமிருக்கும் இருபது வண்ணம் சும்மா கிடக்கும்.

அடுத்து வண்ணத்தின் தன்மை. தோலுக்கென்று செய்யப்பட்ட, தண்ணீர் தொட்டுப் பயன்படுத்தும் அழகுசாதன வண்ணம் மட்டுமே முகத்துக்கு ஆகும். கைவினைக்கான அக்ரிலிக் பெயின்ட்டில் நச்சுத்தன்மை அற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். விழுங்கினால் பெரிய ஆபத்தில்லை என்ற அளவில்தான் அதற்குப் பொருள். தோலில் மணிக்கணக்கில் பூசி வைக்கலாம் என்பதற்கு அது சான்று ஆகாது. அது காய்ந்து பிளாஸ்டிக் படலமாகிவிடும், உரிக்கும்போது தோலை இழுக்கும், சிவந்து தடிக்கும். டப்பாவில் உட்பொருள் பட்டியல், தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறந்த டப்பா போன்ற சிறு படமும், அதற்குள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் கணக்கு. திறந்த தேதியை டப்பாவின் அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். பளிச்சென்ற நியான் வண்ணங்களில் பலவற்றைக் கண்ணருகே பூசக்கூடாது என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். முதல் பெட்டியில் நியான் வேண்டாம்.

தண்ணீரில் கரையும் வண்ணங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கிளிசரின் அதிகமுள்ளவை மென்மையாகப் பரவும், ஒன்றோடொன்று கலக்கும். கிரையோலானின் அக்வாகலர், மெஹ்ரானின் பாரடைஸ் இந்த வகை. பாரஃபின் மெழுகு அதிகமுள்ளவை கெட்டியாக நிற்கும், கோடு கூர்மையாக விழும். வுல்ஃப், டைமண்ட் எஃப்எக்ஸ் அந்த வகை. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குவதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். வியர்க்கிற முகத்தில் கிளிசரின் கறுப்பால் கோடு போட்டால் குழந்தை ஒரு தரம் கையால் துடைத்ததும் இழுகிவிடும். மெழுகு வண்ணத்தைக் கன்னம் முழுக்கத் தடிமனாகப் பூசினால் சிரிக்கும்போது வெடிக்கும். ஆகவே அடிப்பூச்சுக்குக் கிளிசரின், கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு மெழுகு. ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் வாங்கினால்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரு முகத்தில் ஒற்றுமையாகவே இருக்கும், அடிப்பூச்சு காய்ந்த பிறகு கோடு போட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

என் கணக்கில் முதல் பெட்டி இவ்வளவுதான்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஆறு தனி வண்ணம். கூடவே பல வண்ணம் வரிசையாக அடைத்த 30 கிராம் கேக் இரண்டு: ஒன்று வானவில், இன்னொன்று ஆரஞ்சு-மஞ்சள்-வெள்ளை. பச்சையைக் கலந்தும் பெறலாம்தான், விழா நேரத்தில் கலந்துகொண்டிருக்க முடியாது.

இந்த வரிசைக் கேக்கை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கியவர்கள் முதல் நாளே கெடுப்பது இதைத்தான். ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையை நனைத்து, டப்பா விளிம்பில் வழித்து, சொட்டுவதற்குத் தண்ணீரே இல்லாதபடி ஆக்குங்கள். பிறகு கேக்கின் கோடுகளோடு ஒட்டி, நீளவாக்கில் மட்டும், முன்னும் பின்னுமாக எட்டுப் பத்து முறை இழுங்கள். குறுக்கே போகக்கூடாது. தூரிகை நுனியில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனிப் பட்டையாக, தயிர் பதத்தில் ஏறியிருக்க வேண்டும். ஒரே இழுப்பில் வானவில் விழும். தண்ணீர் மிகுந்தால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, நெற்றியில் சேற்று நிறம் வரும். கேக்கின் மேற்பரப்பு அப்படிக் கலங்கிவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். ஈரத் துணியால் நீளவாக்கில் ஒரே பக்கமாகத் துடைத்தால் அடியிலிருந்து பட்டைகள் தெளிவாக வரும்.

தூரிகைகள் ஆறு போதும், எல்லாம் செயற்கை இழை. 2, 4 எண் வட்டத் தூரிகைகள், கூடுதலாக வெள்ளைக்கென்றே ஒதுக்கிய இன்னொரு 4, நுண்கோட்டுக்கு 1, ஓர் அங்குலத் தட்டை, அரை அங்குலத் தட்டை. வெள்ளைக்குத் தனித் தூரிகை ஆடம்பரம் அல்ல. கறுப்பு ஓடிய தூரிகையை எவ்வளவு அலசினாலும் உலோக வளையத்துக்குள் கறை தங்கும். வெள்ளைப் புள்ளி சாம்பலாகிவிடும்.

பஞ்சில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பஞ்சு, மறுபேச்சே இல்லை. முழு முகமாக வரைந்தால் பழகிய கை மணிக்குப் பத்து, பன்னிரண்டு முகம் முடிக்கும். இரண்டு மணி நேர விழாவுக்கு 24 முகம். பிசகுக்கும் கீழே விழுவதற்கும் சேர்த்து 30 வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான வட்டப் பஞ்சு 15 வாங்கிக் குறுக்கே வெட்டினால் 30 அரைவட்டம் கிடைக்கும். அந்த நேர் விளிம்புதான் கன்னத்தில் சுத்தமான எல்லையைத் தரும். பயன்படுத்தியவை ஒரு வலைப்பைக்குள் நேராகப் போக வேண்டும். அந்தப் பையோடே சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்து, உள்வரை காயவிட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பஞ்சில் இரண்டே நாளில் நாற்றம் வந்துவிடும்.

மற்றவற்றைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்ணீர் டப்பா, ஒன்று அலசுவதற்கு, ஒன்று சுத்தம். நான்கைந்து முகத்துக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் தெளிக்கும் சிறு புட்டி, காகிதத் துண்டுகள், ஈரத் துடைப்பான், முடி கிளிப், கைக்கண்ணாடி, 70 சதவீத ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் நல்லதென்று சிலர் வாங்குகிறார்கள். கிருமியைக் கொல்வதில் அது பின்தங்கியது. வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். அதில் நனைத்த தூரிகை முழுக்கக் காயாமல் கண்ணருகே போகக்கூடாது. மினுமினுப்பு வேண்டுமென்றால் அழகுசாதனத் தரத்தில், 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாத துகளாக ஒரே ஒரு புட்டி. கைவினைக் கடை மினுமினுப்பின் முனை கண்ணின் கருவிழியைக் கீறும்.

இப்போது பணம். கையில் இருக்கும் தொகையை 100 பங்காக வையுங்கள். வண்ணத்துக்கு 35, தூரிகை பஞ்சுக்கு 15, சுத்தத்துக்கு 5. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு 20 ஒதுக்குங்கள். ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை வந்து பெற்றோர் கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்தத் தாள்தான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அந்தக் காப்பீடு ஏற்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உட்காரும் வசதிக்கும் விளக்குக்கும் 15. மீதி 10 கையிருப்பு, தொடவே கூடாது. உயரமான மடக்கு நாற்காலியை முதல் பணத்தில் வாங்குவது பலருக்கு ஆசை. முதுகுக்கு அது தேவைதான், ஆனால் மூன்றாவது விழாவுக்குப் பிறகு வாங்கினால் போதும். அதுவரை விழா வீட்டாரிடம் உயரமான முக்காலி கேளுங்கள்.

அந்த 100 பங்கு எவ்வளவாக இருக்கலாம்? இரண்டு மணி நேர விழா ஒன்றுக்கு நீங்கள் வாங்கப்போகும் கட்டணத்தை அளவுகோலாக வையுங்கள். முதல் பெட்டி மூன்று விழாக் கட்டணத்தைத் தாண்டினால் பட்டியலை வெட்டுங்கள். அதற்குள் அடங்கினால் சொந்தச் சேமிப்பிலேயே முடிந்துவிடும். பற்றவில்லையா, உறவினர்களிடம் பரிசாகப் பணம் கேட்பதை விட, குறிப்பிட்ட கேக், குறிப்பிட்ட தூரிகை என்று எழுதிக் கொடுங்கள். சரியான பொருள் வந்து சேரும். முன்பணம் வாங்கலாம், ஆனால் விழா முடியும்வரை அது உங்கள் பணம் அல்ல. உங்கள் காய்ச்சலால் விழா ரத்தானால் திருப்பித் தர வேண்டியிருக்கும், அதனால் பாதிக்கு மேல் பொருளில் போடாதீர்கள். நிதியுதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் விலைப்பட்டியலோடு, மாதத்துக்கு எத்தனை விழா, ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்ற ஒரு பக்கக் கணக்கையும் இணைக்க வேண்டும். ஆர்வத்தைப் பற்றிய பத்திகளை விட அந்தப் பக்கத்தைத்தான் படிப்பார்கள்.

தொடக்கத்தில் சந்தையில் கடை போடாதீர்கள். இடவாடகை முன்கூட்டியே போய்விடும், மழை வந்தால் வருமானம் பூஜ்யம். மணிக்கணக்கில் கூலி பேசும் வீட்டு விழாக்களில் எத்தனை முகம், எவ்வளவு வண்ணம் என்பது முன்பே தெரியும். அந்த மணிக்கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். இரண்டு மணி நேர விழா என்றால் பயணம் ஒரு மணி, விரித்து வைக்க அரை மணி, எடுத்துக்கட்ட அரை மணி, வீட்டில் பஞ்சும் தூரிகையும் கழுவ ஒரு மணி. ஐந்து மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரக் கூலி கேட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் ஏராளம்.

ஒரு முகத்துக்கு வண்ணச் செலவு எவ்வளவு? சமையலறைத் தராசு போதும். விழாவுக்கு முன் டப்பாக்களை நிறுத்து எழுதுங்கள். விழா முடிந்து இரவு முழுக்கத் திறந்து காயவிட்டு, காலையில் மறுபடி நிறுங்கள். உடனே நிறுத்தால் உள்ளே ஏறிய தண்ணீரின் எடையும் சேர்ந்து, வண்ணம் கூடிவிட்டதாகக் காட்டும். வித்தியாசத்தை முகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கிராமின் விலையால் பெருக்குங்கள். கிடைக்கும் தொகை மிகச் சிறியதாக இருக்கும். இந்தத் தொழிலில் செலவாவது உங்கள் நேரம்தான், வண்ணம் அல்ல என்பது அப்போது எண்ணாகவே தெரியும். ஒவ்வொரு கட்டணத்திலும் ஐந்தில் ஒரு பங்கை மறுகொள்முதலுக்கு எடுத்து வைத்தால் தீரும் வண்ணத்தை ஈடுகட்டியது போக ஒரு புதுக் கேக்குக்கும் மிஞ்சும். ஸ்டென்சில், ஒட்டும் கற்கள், ஊதா, முத்துப் பளபளப்பு எல்லாம் அந்தப் பணத்தில் ஒவ்வொன்றாக வரட்டும்.

டப்பாவை இரவில் திறந்து வைப்பதற்கு எடைக் கணக்கு மட்டும் காரணமல்ல. ஈரத்தோடு மூடினால் மூன்று நான்கு நாளில் மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். அதைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக்கூடாது, டப்பாவையே கழிக்க வேண்டும்.

கடைசியாக, யாருக்கு வரையக்கூடாது என்பது. திறந்த புண், வாய்ப்புண், கண் சிவப்பு, அம்மைத் தழும்பு ஆறாதது, முகத்தில் அரிப்புத் தடிப்பு, இவை இருந்தால் முகத்தைத் தொடாதீர்கள். குழந்தையை வரிசையிலிருந்து வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். நோய் தொற்றாத வகையாக இருந்தால் கையில் ஒரு பூ வரையலாம், தொற்றும் வகையென்றால் ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். ஒவ்வாமை உண்டென்று பெற்றோர் சொன்னால், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பார்த்த பிறகுதான் முகம். விழா நாளில் அதற்கு நேரம் இருக்காது, அதனால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மெழுகுக் கறுப்பை வீட்டில் எப்படி எடுப்பது என்பதையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: முதலில் பேபி ஆயில் தடவி ஒரு நிமிடம் விட்டு, பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். உலர்ந்த துணியால் தேய்த்தால் வண்ணம் போகாது, தோல்தான் சிவக்கும்.

வணக்கம்.