பரிசோதனைச் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பால்வினை நோய்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களும் உண்டு, அதே சீட்டை நம்பிக் கவலையை மறந்துவிடுபவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உதவும்படி, அந்தச் சீட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூருக்கும் தொப்பூருக்கும் இடையே லாரி ஓட்டும் ஓர் இளைஞர் ஞாயிறு இரவு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டார், வியாழக்கிழமை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார், நெகட்டிவ் என்று முடிவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் நாம் தேடுவது பெரும்பாலும் கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான். அது கண்டறியும் அளவுக்குப் பெருக 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் போதும். இந்த இடைவெளியில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், பிறருக்குத் தொற்றுவதும் எளிதாக நடக்கும். ஆகவே மறுபரிசோதனை முடியும்வரை ஆணுறை கட்டாயம்.

அந்த இளைஞர் இழந்தது இன்னொன்றும் உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க 28 நாட்கள் சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன. ஆபத்தை எடைபோட்டு மருத்துவர் அவற்றைப் பரிந்துரைப்பார். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். புதன் இரவோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் கைநழுவுகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி எதிர்ப்பக்கம். பரிசோதனைக் கிட்டில், கிட் சரியாக வேலை செய்வதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தவுடனேயே வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 2 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அப்படியானால் 10,000 பேரில் 20 பேர். தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 99.5 பேருக்குச் சரியாகச் சொல்லும் ஒரு கிட் மீதமுள்ள 9,980 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறாகக் கோடு காட்டும். ஆக, கோடு தெரிந்த 70 பேரில் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 20 பேர்தான். இதனால்தான் வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று சோதனைகளிலும் கோடு வந்த பிறகே பாசிட்டிவ் என்று முடிவு சொல்கிறார்கள்; ஒரே கிட்டோடு யாரேனும் தீர்ப்பு எழுதினால் அதை ஏற்காதீர்கள்.

அதே கிட்டை, நூற்றுக்கு 5 பேருக்குத் தொற்று உள்ள 10,000 பேர் கொண்ட ஒரு குழுவினரிடம் பயன்படுத்தினால், கோடு தெரியும் ஏறக்குறைய 550 பேரில் 500 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும். கிட் மாறவில்லை, சோதிக்கப்பட்டவர்களின் ஆபத்துதான் மாறியது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் அந்தரங்கமான கேள்விகளைக் கேட்பது வம்புக்காக அல்ல. உங்கள் விடை இல்லாமல் முடிவின் பொருளை அவரால் எடைபோட முடியாது.

சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கு வி.டி.ஆர்.எல். சோதனை செய்கிறார்கள். கர்ப்பம், வேறு சில நோய்கள் ஆகியவற்றாலும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால் இன்னொரு வகைச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டாவது சோதனையோ, பென்சிலின் ஊசியால் நோய் முழுமையாகக் குணமான பிறகும் பலருக்கு ஆயுள் முழுதும் பாசிட்டிவாகவே இருக்கும். குணமாகிவிட்டதா என்பதை வி.டி.ஆர்.எல். அளவு குறைவதை வைத்தே அறியலாம்.

கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினை நோய்கள் இரண்டும் ரத்தச் சோதனையில் அகப்படாது. சிறுநீரோ, பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியோ தேவை. பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், வெள்ளைப்படுதல் இல்லையே என்று இருந்துவிடக் கூடாது.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். சட்டம் அனுமதிக்கும் ஒருசில சூழல்களைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்றும், முடிவை வெளியிடக் கூடாது என்றும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஊரில் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. நேரில் கேட்கத் தயங்குபவர்கள் 1097 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். பரிசோதனைக்கு வரும்போது, பாதுகாப்பில்லாத உறவு கடைசியாக நடந்த தேதியை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். மறுபரிசோதனை எந்த நாளில் என்பதை ஆலோசகர் அதிலிருந்துதான் கணக்கிட்டுச் சொல்வார். வணக்கம்.