பவளத்துக்குள் குடியிருக்கும் புழு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மீனவர் சங்க நிர்வாகிகளே, ஊர்ப் பெரியவர்களே, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கிற பள்ளிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தலைமையாசிரியர் அம்மா என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பேச்சை எவ்வளவு நேரமும் கேட்கலாம் என்பதால் குறையொன்றுமில்லை. சவுண்டு செட் தம்பிக்கும் நன்றி.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இன்று மூன்று சங்கதி: கிறிஸ்துமஸ் மரப் புழு, அது குடியிருக்கும் பவளம், அப்புறம் தீப்புழு.

முதல் ஆள் ஒன்றரை அங்குலம்தான். உயிருள்ள பவளத்தில் சுண்ணாம்புக் குழாய் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளியே தெரிவது சுருள் சுருளான இரண்டு கொண்டைகள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று பல நிறம். மூச்சு விடுவதும், மிதந்து வரும் நுண்ணுயிரைப் பிடித்துத் தின்பதும் அதைக் கொண்டுதான்.

என் நண்பர் ஒருவரின் மச்சான் மதுரையிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்காரியிடம் சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷன். மண்டபத்தில் வடகடல் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் கண்ணாடி மாட்டிக் குனிந்தவர், "அடேயப்பா, நீலப் பூ! இதைக் கொண்டுபோனால் சமாதானமாகிவிடுவாள்" என்று கையை நீட்டினார். பூவைக் காணோம்! கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மறுபடி பூ. கையை நீட்டினால் மறுபடி காணோம். "இது பேய்ப் பூடா மாப்ளே" என்று கரையேறியவர், பஸ் ஸ்டாண்டில் நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அந்த அம்மா கேட்டதாம்: "கடலுக்குப் போனவர் மல்லிகை வாங்கிட்டு வர்றீங்கன்னா, அங்கே என்ன தப்பு பண்ணீங்க?"

பேயுமில்லை, பூவுமில்லை. அந்தக் கொண்டையில் கண் இருக்கிறது. நிழல் பட்டதும் புழு உள்ளே இழுத்துக்கொள்ளும், குழாய் வாயை ஒரு மூடி அடைத்துவிடும்.

வாடகையில்லாமல் குடியிருக்கிறதே என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன் மேய்ந்துபோன பாறைகளில், இந்தப் புழுக்களை ஒட்டியிருந்த பவள உயிர்கள் மட்டும் பிழைத்திருந்ததை 1986-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிறு துரும்பு, ஐயா!

அதே 1986-இல்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சரி, வெட்டு நின்றது. வலை? கிழிந்த வலையைக் கடலிலேயே வீசிவிட்டு வருகிறோம். அது பாரில், அதாவது கடலடிப் பவளப்பாறையில் சிக்கி, அலைக்கு அலை இழுத்துப் பவளத்தை ஒடிக்கிறது. பவளம் ஒடிந்தால் புழுவுக்கு வீடேது, மீனுக்குத்தான் வீடேது?

மணி அடித்துவிட்டார்கள். தீப்புழுவைத் தொடாதீர்கள், அதன் முள் குத்தினால் எரியும். மீதியை இன்னொரு நாள் பார்ப்போம். ஒவ்வொரு இறங்குதளத்திலும் பழைய வலை போட ஒரு கொட்டகை, கொண்டுவரும் வலைக்குக் கிலோ கணக்கில் காசு. தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் மாலையைக் கழற்றுவதற்குள் அதில் முதல் கையெழுத்தைப் போடவேண்டும். பேனாவும் என்னிடமே இருக்கிறது.