'புட் ஆஃப்': நாளைத் தள்ளுவதும் ஆளைத் தள்ளுவதும்

வணக்கம். ஆங்கிலத்தில் ஒரு வினையும் 'ஆஃப்' போன்ற ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். 'புட் ஆஃப்' என்னும் ஃப்ரேசல் வெர்ப் எந்தப் பொருளில் வருகிறது என்பதை, பெரும்பாலும் அதன் செயப்படுபொருளைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

ஒரு வேலையோ நிகழ்ச்சியோ செயப்படுபொருளாக வந்தால், அது தள்ளிப்போடுவதைக் குறிக்கும். "தே புட் ஆஃப் த மீட்டிங் டில் மண்டே" என்றால், கூட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள் என்று பொருள். அலுவலகக் கடிதத்தில் இதற்குப் பதிலாக 'போஸ்ட்போன்' என்று எழுதுவதே பொருத்தம். 'கால் ஆஃப்' என்பதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே கூட்டமே ரத்தாகிவிடுகிறது.

இதற்குப் பின் இன்னொரு வினை வந்தால், அது 'இங்' ஈற்றுடன்தான் வர வேண்டும். பலர் 'புட் ஆஃப் டு கோ' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் நாம் "போவதைத் தள்ளிப்போட்டேன்" என்று தொழிற்பெயரைத்தானே பயன்படுத்துகிறோம்? அந்தப் 'போவது' என்பதன் இடத்தில் நிற்பதுதான் 'கோயிங்'. ஆகவே "ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்" என்பதே சரி. 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால், அது நடுவில் மட்டுமே நிற்கும்: 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' பிழை.

இனி, ஆளே செயப்படுபொருளாக வரும் இடங்களைப் பார்ப்போம். சுவையான பகுதி இதுதான். "த ஸ்மெல் புட் மீ ஆஃப்" என்றால், அந்த நாற்றத்தில் எனக்கு வெறுத்துப்போயிற்று என்று பொருள். இதிலிருந்து பிறந்ததே, முகம் சுளிக்க வைக்கிற எதையும் குறிக்கும் 'ஆஃப்-புட்டிங்' என்ற பெயரடை. ஒருவர் கவனமாக எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் அவரையே உற்றுப் பார்த்தால், "யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்" என்பார். கவனத்தைக் கலைக்கிறாய் என்று பொருள். கொடுத்த கடனைக் கேட்டவர் "ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்" என்றாலோ, சாக்குச் சொல்லி இழுத்தடித்தான் என்று புலம்புகிறார். வடிவம் ஒன்றேயாயினும், சூழல்தான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது.

விளக்கை அணைப்பதற்கும் சிலர் இதைச் சொல்வதுண்டு; அதற்கு 'ஸ்விட்ச் ஆஃப்' போதும்.

இப்போது திரையில் உள்ள இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "ஐ புட் ஆஃப் ஸ்விம்மிங்" என்பவர் நீந்துவதை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். "தட் ஆக்சிடென்ட் புட் மீ ஆஃப் ஸ்விம்மிங்" என்பவருக்கோ, அந்த விபத்தோடு நீச்சல் ஆசையே விட்டுப்போயிற்று.