ஆயிரம் லிட்டர் கடல்நீருக்கு எந்த ஃபில்டர்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் கடல்மீன் வளர்ப்பவர்கள் பெரிய தொட்டிக்கு மாறும்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஃபில்டர் சார் பவர் ஜாஸ்தி?” என்பதுதான். கரண்ட் போனால் அந்த ஃபில்டர் என்ன ஆகும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏழடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிரப்பினால், கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 லிட்டர். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை ஒட்டி வளர இடம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். இடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆக்சிஜன்தான் சிக்கல். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். 28 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம்தான் பிடித்துவைக்கும். ஏற்காடு குளிர்ச்சியாயிற்றே, குளிர்ந்த நீர் கூடுதலாகப் பிடிக்குமே என்பீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. குளிர் கொடுப்பதை உயரம் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் செலவு வேண்டுமானால் மிச்சமாகும்.

மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் பம்ப் நின்றால், உள்ளே அடைபட்ட நுண்ணுயிர்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். சில மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். மணலை மிதக்கவிடும் ஃப்ளூயிடைஸ்டு ஃபில்டரிலும் இதே கதை: மணல் படிந்து மூச்சடைத்துப்போகும்.

அதனால் மீன் மட்டும் வளர்க்கும் பெரிய தொட்டிக்கு, சம்ப்பில் வைக்கும் ‘வெட்-ட்ரை’ கோபுரம்தான் என் தேர்வு. மேலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸில் வடிய வேண்டும். பிறகு ஓட்டைத் தட்டு வழியாகச் சொட்டி, நீரில் மூழ்காமல் வைத்த பயோ பால்கள் (நுண்ணுயிர் ஒட்டி வளரும் பிளாஸ்டிக் பந்துகள்) மேல் வழிய வேண்டும். பம்ப் நின்றாலும் பந்துகள் ஈரமாக, காற்றிலேயே இருக்கும். இதை ‘நைட்ரேட் ஃபேக்டரி’ என்று திட்டுவார்கள். பாதிப் பழி சாக்ஸைத் துவைக்காதவரைச் சேரும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அழுக்கு பந்துகளுக்கிடையே தங்கி அழுகும். மீதிப் பாதி உண்மை. இந்தக் கோபுரத்தில் நைட்ரேட்டைக் குறைக்க வழியில்லை. அதற்குத் தொட்டிக்குள் நுண்துளைகள் நிறைந்த செராமிக் கல்லும், சம்ப்பில் விளக்கு வைத்து வளர்க்கும் கீட்டோ பாசியும், தவறாத தண்ணீர் மாற்றமும் தேவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளக்கல் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

சம்ப் அளவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்தத் தொட்டியில் நீர்மட்டம் ஓரங்குலம் இறங்கினாலே 41 லிட்டர் கீழே வரும். பம்பை நிறுத்திப் பார்த்து, அதற்கும் குழாயில் நிற்கும் நீருக்கும் சம்ப்பில் இடம் விடுங்கள். திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பம்ப் நின்றதும் காற்றை இழுத்துத் தண்ணீர் பின்னோக்கி வடிவதை நிறுத்தப் போட்ட சைஃபன் ஓட்டையைப் பாசி அடைத்தால் வீட்டுத் தரையில்தான் கடல்.

மேட்டூர் குடிநீரில் குளோரின் இருக்கும், போர்வெல் நீரில் உப்பு ஏறியிருக்கும். அதனால் ஆர்.ஓ. நீரில், கடல்நீர் உப்புக் கலவை 36 முதல் 38 கிலோ கரைத்து, அடர்த்தி 1.025 வரும்படி பாருங்கள். மீன் விடுமுன் சுத்தமான அம்மோனியம் குளோரைடு ஆறு கிராம் சொச்சம் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் ஆகும். ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரமும் அதுதான் என்றாலும், அதன் சுத்தத்துக்கு உத்தரவாதமில்லை. போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகும்வரை பொறுங்கள். இந்த நிலைக்கு வரச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் அம்மோனியா அளவு இறங்காமல் நின்றால் காரத்தன்மையைச் சோதியுங்கள். அம்மோனியா நைட்ரேட்டாகும் மாற்றம் அதையும் தின்னும். காரத்தன்மையின் அளவான கே.ஹெச். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் 30 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி ஏற்றும்.

பிறகு மீன்களை இரண்டிரண்டாக விடுங்கள். நோய் மருந்தைத் தனித் தொட்டியில் கொடுங்கள். பயோ பால்களைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் உப்புநீரிலேயே அலசி, ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல் பாதியை அடுத்த மாதத்துக்கு விட்டுவையுங்கள்.