பழைய பிக்கப்புக்கு ஹெட்டரா, மேனிஃபோல்டா?

[காட்சி: திறந்த பானெட். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் ஒலி.]

அந்த டிக் டிக் சத்தம் கேட்கிறதா? வால்வு என்றுதான் முதலில் தோன்றும். ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடு ஏற ஏறச் சத்தம் அடங்கினால், சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல்தான்; சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் அது. இரும்பு விரிந்ததும் விரிசல் மூடிக்கொள்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். போர்ட் (புகை வெளிவரும் துளை) ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் புகை அங்கேதான் கசிகிறது.

எப்படியும் கழற்றப் போகிறோம், ஹெட்டரே (சிலிண்டருக்குத் தனித்தனிக் குழாய் கொண்ட மாற்று) போட்டுவிடலாம் என்று மனம் தாவுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுங்கள்.

[வரைபடம்: எட்டு சிலிண்டர்கள், எண்களோடு]

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இடது பக்கம். 5 வெடித்த கையோடு பக்கத்திலேயே இருக்கும் 7 வெடிக்கிறது. குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குள் இரண்டின் புகையும் முட்டி மோதுகிறது. ஹெட்டரில் ஆளுக்கொரு குழாய், அவை ஒன்றுசேரும் கலெக்டரில்தான் சந்திப்பு. முன்னால் பாயும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகும். அடுத்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை அது இழுத்துக்கொள்ளும். இந்தப் பலன் நீளக் குழாய் ஹெட்டரில்தான் முழுதாகக் கிடைக்கும். குட்டைக் குழாய் கொண்ட ஷார்ட்டி ஹெட்டரை இடம் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் நான் சொல்வேன்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தப்பு. மிதமான 350 (கன அங்குல) எஞ்சினுக்கு 1 5/8 அங்குலமே போதும். அதற்கு மேல் போனால் குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் விழுந்துவிடும். பாரம் இழுக்கும் வண்டிக்கு இழுவை வேண்டியதோ அந்த ஆர்பிஎம்மில்தான்.

[காட்சி: எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கை நுழைகிறது.]

சரி, இப்போது கையை உள்ளே விடுங்கள். இடது பக்கம் ஸ்டீயரிங் பாக்ஸ். மேனுவல் கியர் என்றால் கிளட்ச் லிங்கேஜ் குறுக்கே நிற்கும். வலது பக்கம் ஸ்டார்ட்டர்; அதை ஒட்டிக் குழாய் போனால் சூட்டில் அது திணறும். ஸ்பார்க் பிளக்கை ஹெட்டரைக் கழற்றாமல் எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். இன்னொன்று: 1969க்கு முந்தைய சிலிண்டர் ஹெட்களில் முன்பக்கம் பிராக்கெட் மாட்டும் துளை இருக்காது. ஆல்டர்னேட்டர் மேனிஃபோல்டையே பிடித்துக்கொண்டிருக்கும். மேனிஃபோல்டு போனால் ஆல்டர்னேட்டருக்கு வேறு பிராக்கெட் தேட வேண்டும்.

தினமும் ஓடுகிற, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றாத வண்டிக்கு நான் ராம்ஸ் ஹார்ன் மேனிஃபோல்டைத்தான் தேடச் சொல்வேன். ஆட்டுக்கடாவின் கொம்பு போலவே வளைந்திருக்கும். கொர்வெட்டில் வந்த 2½ அங்குல வாய் கொண்டது கிடைத்தால் விடாதீர்கள். அமைதியாக இருக்கும், கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) தொல்லையும் குறைவு.

ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி: 1987 முதல் 1996 வரை ஃபியூயல் இன்ஜெக்ஷனோடு வந்த இரண்டு துண்டு மேனிஃபோல்டு. ஆனால் கார்பரேட்டருக்குக் கீழே பழைய மேனிஃபோல்டு கொடுத்த சூடு இதில் கிடைக்காது. குளிர் காலையில் எஞ்சின் தடுமாறும். அந்தச் சூட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஹெட்டர்தான் என்று முடிவெடுத்துவிட்டால், ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) தடிமனைப் பாருங்கள். மெல்லியது சூட்டில் வளைந்து கேஸ்கெட்டைத் தின்றுவிடும். 3/8 அங்குலம் நல்லது. செராமிக் பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. மேலே துணிப்பட்டை சுற்றுவது எனக்குப் பிடிக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருவாக்கிவிடும். மாட்டிய பிறகு இரண்டு மூன்று முறை ஓடிச் சூடாகி ஆறட்டும்; அப்புறம் போல்ட்களை மறுபடி டைட் வையுங்கள். கார்பரேட்டர் ஜெட்டையும் (எரிபொருள் அளவை முடிவு செய்யும் துளை) சரிபார்க்க வேண்டியிருக்கும்.

[காட்சி: துருப்பிடித்த போல்ட் தலை, மிக அருகில்.]

கழற்றப் போவதற்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை இந்தப் போல்ட்களின் மேல் விட்டுவிடுங்கள். முரண்டு பிடித்தால் முறுக்கி உடைக்காதீர்கள். லேசாக இறுக்கி, லேசாகத் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விடுங்கள்.